யார் காணத் தீட்டினர்?



இன்று ஐந்தாம் திருநாள். எம்பெருமான் அம்மையோடு இடப வாகனத்தில் எழுந்தருளி மாடவீதி வலம் வந்த காட்சி இன்னும் நம் கண்களை விட்டு அகலவில்லை. பட்டும் பரிவட்டமும் பதக்கமும் பூமாலையுமாக இருந்த அந்தப் பேரழகில் நாம் கண்டது திருமுகத்தையும் திருக்கரங்களையும் மட்டுமே. திருமேனியின் மற்றப் பகுதிகளை எல்லாம் அலங்காரம் மறைத்திருந்தது.

நாளைத் திருமஞ்சனத்தின்போது சற்று அருகே நின்று பாருங்கள். மறைந்திருந்த அரைப்பட்டிகையின் வேலைப்பாடும் ஆடையின் மடிப்புகளும் அப்போது தெரியும். அர்ச்சகர் திருமேனியைத் துடைக்கும்போது திருமுதுகையும் காணலாம். அங்கே சடைக்கற்றை ஒவ்வொரு புரியாகப் பிரிந்து தோளில் விழுகிறது. முப்புரிநூல் வளைந்து இறங்குகிறது. முன்புறத்தில் எத்தனை நுட்பமோ பின்புறத்திலும் அத்தனை நுட்பம். ஆண்டில் பெரும்பாலான நாள் துணியும் மலரும் மூடியிருக்கும் அந்த முதுகை, யார் காண்பார் என்று எண்ணி அந்தத் தபதி இவ்வளவு பாடுபட்டார்?

சுவாமிமலையில் இன்றும் நடைபெறும் வார்ப்பு முறையைக் கண்டவர்கள் அறிவார்கள். முதலில் மெழுகினால் திருவுருவம் செய்கிறார்கள். அதன்மேல் மண் பூசிக் காயவைத்துச் சூடேற்றுகிறார்கள். மெழுகு உருகி வெளியேறிவிடும். அது இருந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்க்கிறார்கள். ஆறியபின் மண்கருவை உடைத்துத்தான் திருமேனியை எடுக்கவேண்டும். மெழுகுருவமும் போயிற்று, கருவும் போயிற்று. ஆகவே ஒரு வார்ப்பில் ஒரே திருமேனிதான். கலைஞன் தன் கையால் முதலில் செய்த உருவம் உலகத்தார் கண்ணில் படாமலேயே கரைந்துபோகிறது. அது பற்றி அவன் வருந்துவதில்லை.

இதனினும் வியப்பான ஒன்று தஞ்சையில் இருக்கிறது. முதலாம் இராசராசன் எடுப்பித்து 1010ஆம் ஆண்டில் நிறைவு செய்த இராசராசேச்சரத்தை நாம் அனைவரும் வழிபட்டிருக்கிறோம். வானளாவும் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, நந்தியின் முன் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு வந்துவிடுகிறோம். கருவறையைச் சுற்றி உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே ஒரு குறுகிய சுற்றுவழி உண்டு. அங்கே சோழர் காலத்து ஓவியங்கள் இருப்பதை, 1931ஆம் ஆண்டில் எஸ்.கே. கோவிந்தசாமி அவர்கள் கண்டு உலகுக்குக் கூறினார்கள். அதுவரை பிற்கால நாயக்கர் ஓவியங்கள் அவற்றின்மேல் போர்வைபோல் மூடியிருந்தன.

அங்கே சுந்தரமூர்த்தி சுவாமிகளை இறைவன் தடுத்தாட்கொண்ட வரலாறு இருக்கிறது. வெள்ளானையின்மேல் அவரும் குதிரையின்மேல் சேரமான் பெருமாளும் திருக்கயிலைக்குச் செல்கிறார்கள். முப்புரம் எரிக்கப் புறப்பட்ட பெருமான் தேர்மேல் நிற்கிறார். அத்தனை பெரிய ஓவியத்தைப் பின்னே நகர்ந்து நின்று முழுமையாகக் காண அந்தச் சுற்றுவழியில் இடம் இல்லை. பகலிலும் விளக்கு வேண்டும். ஊரார் கூட்டமாகச் சென்று காணும் இடமும் அன்று. ஆயினும் சுண்ணச்சாந்து காய்வதற்குள் தீட்டிமுடிக்க வேண்டிய அந்த வேலையில், ஒரு விரலின் வளைவிலோ ஒரு கண்ணின் கடையிலோ அவசரம் தெரியவில்லை.

அதற்கு மேல்தளத்திலும் அப்படி ஒரு சுற்றுவழி. பரத சாத்திரம் கூறும் 108 கரணங்களைச் சிவபெருமானே ஆடிக்காட்டுவதாக அங்கே செதுக்கத் தொடங்கினார்கள். தில்லையில் அக்கரணங்கள் கோபுர வாயிலில், போவார் வருவார் எல்லாம் காணும்படி இருக்கின்றன. தஞ்சையிலோ படியேறிச் சென்றாலன்றிக் காணமுடியாத இடத்தில். 81 கரணங்கள் முடிந்திருக்கின்றன. எஞ்சிய 27 கற்கள் உளி படாமல் வெறுமையாக நிற்கின்றன. அந்த வெறுங்கற்களின் முன் நிற்பவர் நெஞ்சம் ஒரு கணம் கலங்காமல் இராது.

“இராசராசன் கல்லெல்லாம் பெயர் பொறித்தானே, அது புகழாசை இல்லையா?” என்று அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நல்ல கேள்வி. பெருந்தச்சனான குஞ்சரமல்லன் பெயரும், ஆடல் மகளிர் ஏறத்தாழ 400 பேருடைய பெயர்களும் அங்கே இருப்பது உண்மை. ஆனால் அக்கல்வெட்டுக்களைப் படித்துப் பாருங்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் இன்னார். நாள்தோறும் அவர் அளக்கவேண்டிய நெய் ஓர் உழக்கு! இது விளம்பரம் அன்று, கணக்கு. விளக்கு அணைந்தால் யாரைக் கேட்பது என்பதற்காக எழுதிய பெயர்கள். குழல்விளக்கின் வெளிச்சமே தெரியாதபடி அதன்மேல் உபயதாரர் பெயரை எழுதுகிற நாம் அதனோடு இதனை ஒப்பிடலாகாது. இந்தக் கோயில் நிருவாகத்தார் கோபித்துக்கொள்ள வேண்டாம், பொதுவாகத்தான் சொன்னோம். நிற்க.

பூசலார் நாயனார் வரலாற்றுக்கு வருவோம். திருநின்றவூரில் பொருள் இல்லாமையால் மனத்திலேயே கோயில் கட்டினார் என்று எல்லோரும் சொல்கிறோம். ‘மனத்தில்தானே கட்டினார், அதற்கு என்ன செலவு?’ என்ற எண்ணமும் நம்முள் ஓரத்தில் எங்கோ இருக்கிறது. சேக்கிழார் பெருமான் அவ்வாறு எண்ணவிடவில்லை. நாயனார் மனத்திலேயே தச்சரைத் தேடுகிறார், பொருள்களைச் சேர்க்கிறார், ஆகம விதிப்படி நல்ல நாள் பார்த்து அடிநிலை இடுகிறார், இரவிலும் கண் துயிலாமல் பணி செய்கிறார். சிகரம் எழும்பியபின் சுதை வேலை, அதன்பின் கிணறு, மதில், திருக்குளம்!

எண்ணிப் பாருங்கள். மனத்தில் கட்டுகிறவர் ஒரு நொடியில் கட்டி முடித்துவிடலாமே! கிணறு எதற்கு? அந்த மதிலில் யார் சாயப்போகிறார்கள்? ஒருவரும் காணப்போவதில்லை என்பதற்காக ஒரு கல்லைக்கூட அவர் குறைக்கவில்லை; ஒரு நாளைக்கூடச் சுருக்கவில்லை. அதனாலன்றோ காஞ்சியில் காடவர்கோன் கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளில், ‘பூசல் கட்டிய கோயிலில் நாளை நாம் புகுவோம், உன் நாளைத் தள்ளி வை’ என்று பெருமான் மன்னன் கனவில் அருளினார்! மன்னன் திருநின்றவூருக்கு வந்து ‘கோயில் எங்கே?’ என்று தேடியதும், நாயனார் மருண்டு பின் உண்மையை உரைத்ததும், மன்னன் நிலமுற வீழ்ந்து வணங்கியதும் தாங்கள் அறிந்தவையே.

நாயனார் அளவுக்கு நாம் எங்கே? எனினும் இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் விடியற்காலையில் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் இடுகிறீர்கள். பால்காரர் மிதிவண்டி அதன்மேல் ஏறுவதற்குள் எத்தனை பேர் பார்க்கிறார்கள்? ஒரு புள்ளி தப்பினால் அழித்து மறுபடியும் போடுகிறீர்கள்.

நம்மைப் பற்றி ஒன்று கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் இதுபோன்ற திருவிழாவுக்குச் சொற்பொழிவாற்றச் சென்றிருந்தோம். மாலையிலிருந்து நல்ல மழை. மண்டபத்தில் எட்டுப் பேர். அவர்களுள் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். நமக்கு மனம் சுருங்கிவிட்டது. ஒன்றரை மணி நேரப் பேச்சை அரைமணியில் முடித்தோம். நிறைவில் பாடவேண்டிய திருப்பதிகத்தில் நான்கு பாடல்களோடு நிறுத்திக்கொண்டு, தொண்டை சரியில்லை என்றும் ஒரு பொய் சொன்னோம்.

மழை விடட்டும் என்று திருச்சுற்றில் காத்திருந்தபோது, நந்தவனத்தை ஒட்டிய சிறு மண்டபத்தில் முதியவராகிய பண்டாரம் ஒருவர் அரிக்கன் விளக்கடியில் மாலை கட்டிக்கொண்டிருந்தார். திருப்புகலூர் முருக நாயனார் கொடிப்பூ, நீர்ப்பூ என்று இனம் பிரித்துத் தனித்தனிக் கூடைகளில் வைத்ததைப் புராணத்தில் படித்திருக்கிறோம். அன்று நேரில் கண்டோம். மாலையின் பின்பக்கத்தில் காம்புகளை ஒரே அளவாகக் கிள்ளி, முடிச்சுக்கள் ஒரே வரிசையாக வரும்படி நாரை இழுத்து இழுத்துக் கட்டினார்.

“பெரியவரே, இந்த மழையில் நாளை யார் வரப்போகிறார்கள்? பின்பக்கத்துக்கு ஏன் இவ்வளவு சிரமப்படுகிறீர்கள்?” என்று கேட்டோம்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “முன்பக்கம் சனங்க பார்க்கிறதுங்க ஐயா. பின்பக்கந்தானே சாமி மேனியிலே படுது” என்றார்.

நாம் அங்கே மேலும் நிற்கவில்லை. மண்டபத்துக்குத் திரும்பினோம். எட்டுப் பேரும் போய்விட்டிருந்தார்கள். விரித்த பாய் ஒரு பக்கம் நனைந்திருந்தது. அர்த்தசாமம் முடிந்து சந்நிதி திருக்காப்பிட்டிருந்தது. கதவின் முன் நின்று, ஐந்தாம் பாடலிலிருந்து தொடங்கித் திருப்பதிகத்தைப் பாடி முடித்துவிட்டு ஊருக்குப் புறப்பட்டோம்.