மொறிஸ் மைனர் வாங்கப் புகுமுன்



வெள்ளவத்தையிலே, காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் வசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பணிக்கொடையாகக் கிடைத்த தொகையிற் பெரும்பகுதி மகளின் கலியாணத்திற் கரைந்துவிட்டது. எஞ்சியிருப்பதைக் கொண்டு ஒரு மொறிஸ் மைனர் வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். புதிய காரைப் பற்றி அவர் நினைக்கவும் இயலாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. அப்பொழுதும் வரியின் பாரம் நடுத்தரக் குடும்பத்தின் தோளுக்கு எட்டியதாக இல்லை. அன்றியும் அவருடைய தகப்பனாரிடம் ஒரு மைனர் இருந்தது. 1983 ஆடி மாதத்திலே அந்த ஒழுங்கைகளில் எரிந்த வாகனங்களுள் அதுவும் ஒன்று. அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை.

இரண்டு வண்டிகள் அவர் கண்ணிற் பட்டிருக்கின்றன. ஒன்று, அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி நிற்பது. பதிவுப் புத்தகத்தில் 1956 என்றிருக்கிறது. மற்றது கொட்டாஞ்சேனையிலே ஒரு கராஜின் பின்வளவில் நிற்பது. அதன் வருஷம் 1957. இரண்டுக்கும் நாலு கதவு. விலையும் ஏறக்குறைய ஒன்று. “ஒரு வருஷ வித்தியாசந்தானே, எதை வாங்கினால் என்ன?” என்று அவருடைய மைத்துனர் கேட்கிறார். அக்கேள்விக்கு விடை காணவேண்டுமானால் அந்த வண்டியின் கதையைச் சற்றே அறிந்திருக்க வேண்டும்.

அலெக் இஸிகோனிஸ் என்ற பொறியியலாளர் வரைந்த அந்தக் கார் 1948 இல் இலண்டன் மோட்டார்க் காட்சியிலே வெளியாயிற்று. முதல் மாதிரி வண்டி மிக ஒடுங்கியது என்று கண்ட இஸிகோனிஸ், அதனை நெடுக்கே இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்து, நாலு அங்குலம் அகலப்படுத்தினாராம். எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த நாலு அங்குலத்தின் நினைவுச் சின்னம். கம்பனியின் அதிபர் நுபீல்ட் பிரபுவுக்கோ வண்டியைப் பிடிக்கவே இல்லை. வெந்நீரில் உடைத்து ஊற்றிய முட்டை போலிருக்கிறது என்று அவர் முகஞ்சுளித்ததாகச் சொல்வர். அந்த முட்டை பதினாறு இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று.

ஆரம்பத்தில் அதற்கு வாய்த்தது 918 கன சென்ரிமீற்றர் கொண்ட பழைய எஞ்சின். 1952 இல் மொறிஸ் கம்பனியும் ஒஸ்ரின் கம்பனியும் ஒன்றாயின. அந்தக் கூட்டின் பயனாக, ஒஸ்ரினுடைய 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் மைனருக்குள் வந்து சேர்ந்தது. பின்னர் 1956 ஒக்டோபரிலே பெரியதொரு மாற்றம் நிகழ்ந்தது. எஞ்சின் 948 ஆயிற்று. வலு 30 குதிரையிலிருந்து 37 ஆக உயர்ந்தது. நடுவிற் கம்பி பிரித்த இரட்டைக் கண்ணாடி போய், வளைந்த ஒற்றைக் கண்ணாடி வந்தது. பின்புறக் கண்ணாடியும் பெரிதாயிற்று. நீண்டு ஆடிய கியர்த் தடி குறுகிக் கைக்கருகே நின்றது. வண்டிக்கு மைனர் 1000 என்று பெயரும் வைத்தார்கள். ஆகவே, 1956 க்கும் 1957 க்கும் இடையே கலண்டரில் ஒரு தாள். வண்டியிலோ ஒரு தலைமுறை.

ஆயினும் புத்தகத்திலுள்ள வருஷத்தை நம்பி இதைத் தீர்மானித்துவிடலாகாது. 1956 கடைசியிலே செய்யப்பட்ட மைனர் 1000 ஐயும் 1956 என்றே எழுதலாம். 1956 நடுப்பகுதியிற் செய்யப்பட்டு, கப்பலேறி வந்து, விற்பனையாகாமல் நின்று, அடுத்த வருஷம் பதிவான பழைய மாதிரியும் உண்டு. கண்ணாடியைப் பார்த்தால் மாதிரி தெரிந்துவிடும். அது கண் தெரிந்த எவருக்கும் எளிது.

இலக்கத் தகட்டைப் பார்த்தாலும் ஓரளவு புரியும். ஆனால் நம் நாட்டிலே அத்தகடு வெறுந்தகடு அன்று. அதுவரை ஆங்கில எழுத்துகளைத் தாங்கிய புதிய வாகனங்கள் 1957 இலிருந்து சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைத் தாங்கின. அந்த ஓரெழுத்தை எதிர்த்துத் தமிழர் இயக்கம் நடத்தினர். வடகிழக்கிலே தகடுகளிற் தார் பூசப்பட்டது, தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகளிற் தார் பூசப்பட்டது. 1957 ஜூலையில் எழுதப்பட்ட பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் 1958 ஏப்ரிலிற் கைவிடப்பட, மே மாதத்தில் இரத்தம் சிந்திற்று. எனவே, தகப்பனாரின் வண்டியைப் போல ஆங்கில எழுத்துள்ள வண்டியையே வாங்கவேண்டும் என்று அந்த எழுதுவினைஞர் ஆசைப்படுவாராயின், அதைக் கிழவரின் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது மட்டும் அந்த ஆசையைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லவேண்டும்.

ஏனெனில், 803 எஞ்சின் நல்ல எஞ்சினாயினும் மூச்சு வாங்குவது. அதற்கு ஈடுசெய்யப் பின்னச்சின் பல்விகிதத்தை 5.3 என்று தாழ வைத்திருந்தார்கள். 948 இலோ அது 4.55. ஆகவே, ஒரே வேகத்திலே பழையது கூடுதலாகச் சுழலும், கூடுதலாக இரையும், கூடுதலாகத் தேயும். வெள்ளவத்தைச் சந்தைக்கும் பம்பலப்பிட்டிக் கோவிலுக்கும் போய்வர 803 போதும். புத்தளம் வழியாக யாழ்ப்பாணம் போய்வர எண்ணினால் 948 வேண்டும். மறுபுறம், பழையதற்கும் ஒரு நன்மை உண்டு: அதன் முன்கண்ணாடி இரண்டும் தட்டையானவை, உடைந்தால் தட்டைக் கண்ணாடியை அளந்து வெட்டிப் பொருத்திவிடலாம். வளைந்த கண்ணாடி உடைந்தால் பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஏறி இறங்கவேண்டும்.

இவ்வளவும் தொழிற்சாலை செய்த வித்தியாசங்கள். அதன் பின்னர் ஏறக்குறைய எழுபது வருஷம் கடலும் மனிதரும் செய்த வித்தியாசங்களோ இவற்றிலும் பெரியவை. மைனருக்குத் தனியான சட்டம் இல்லை. உடற்தகடே வண்டியைத் தாங்கும் எலும்பு. கதவுகளின் கீழே பெட்டிபோல் ஓடும் தகடு, ஜாக் முட்டுக்கொடுக்கும் இடம், பின் ஸ்பிரிங் தொங்கும் இடம் ஆகியவற்றிற் கறள் ஏறினால், பளபளக்கும் பெயின்ற் வண்டியைக் காப்பாற்றாது. வெள்ளவத்தைக் காற்றிலே உப்பு இருக்கிறது. யன்னற் கம்பிகளைத் தின்பது காரை மட்டும் விட்டுவைக்குமா?

நாலு வீடு தள்ளி நின்ற 1956 வண்டியைப் பார்க்க, கொட்டாஞ்சேனையிலிருந்து தமக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்து வருகிறார் எழுதுவினைஞர். வண்டி ஒரு குடும்பத்தின் கையை விட்டுப் போகாதது. இருக்கைத் தோலும் அழகாய் இருக்கிறது. அவர் முகம் மலர்வதைக் கண்ட மெக்கானிக் சொல்கிறான்: “ஐயா, மேலே பார்த்தது காணும், இனிக் கீழே குனிஞ்சு பாருங்கோ.” துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் கீழ்த் தகட்டிலே வைக்கிறான். அது பிடிக்காமல் விழுகிறது. பெயின்றின் அடியில் இரும்பு இல்லை, பட்டி மாவு இருக்கிறது. கதவைத் திறந்ததும் அது ஒரு விரற்கடை கீழே இறங்குகிறது.

“புதுத் தகடு போட ஏலாதோ, தம்பி?”

“போடலாம் ஐயா. ஆனால் அந்தக் காசையும் வண்டி விலையோடை கூட்டித்தான் பார்க்கோணும்.”

போடலாம் என்று அவன் சொன்னது வெறும் ஆறுதலன்று. இங்கிலாந்திலே பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்து வந்த சார்ள்ஸ் வெயர், 1990 களின் தொடக்கத்தில் இலங்கையரோடு கூட்டுச் சேர்ந்து இங்கே உடற்தகடுகள் செய்விக்கும் முயற்சியைத் தொடங்கினார். பிறந்த நாட்டிலே கைவிடப்பட்ட வண்டிக்கு இந்நாட்டுக் கைகள் உறுப்புச் செய்து அனுப்பின.

கொட்டாஞ்சேனை வண்டியிலே காந்தம் எங்கும் பற்றுகிறது. முன்சக்கரங்களின் கீழ்மூட்டிலே கிறீஸ் ஈரம் தெரிகிறது. இது முக்கியம்: அம்மூட்டின் புரி காய்ந்து தேய்ந்தால், ஒருநாள் சக்கரம் உள்ளே மடிந்து வண்டி மூக்குக் குத்த விழும். 1956 க்கும் சரி, 1957 க்கும் சரி, இக்குறை பொது. ஆனால் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தால், எஞ்சின் இலக்கம் ‘10எம்ஏ’ என்று தொடங்குகிறது. 948 எஞ்சினாயின் ‘9எம்’ என்றல்லவா தொடங்கவேண்டும்? அது 1962 இலே வந்த 1098 எஞ்சின். 48 குதிரை வலு. ஓட்டத்துக்கு அது குறையன்று, நிறைவே. அந்த எஞ்சினோடு தொழிற்சாலை பெரிய முன் பிறேக்குகளையும் கொடுத்தது. இந்த வண்டியிலே பிறேக் இன்னும் பழைய ஏழங்குலந்தான். ஓடுவதற்கு ஒரு வருஷத்து எஞ்சின், நிற்பதற்கு வேறொரு வருஷத்துப் பிறேக்! பிறேக்கைக் கராஜிலே மாற்றிவிடலாம். புத்தகத்தில் எழுதிய எஞ்சின் இலக்கம் வேறாக இருந்தால், அதைத் திருத்தாமல் பெயர் மாற்றப் போவது வில்லங்கத்தை விலைக்கு வாங்குவதாகும்.

வண்டியின் சொந்தக்காரர் இருநூறு தடவை சத்தியம் செய்கிறார். எழுதுவினைஞர் முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு வாழ்ந்தவர். சத்தியங்களைக் கோப்பிலே இணைக்க முடியாது என்பதை அறிந்தவர். பதிவுப் புத்தகத்தை வாங்கி, இலக்கத்தை ஒவ்வோரெழுத்தாக ஒப்பிட்டு, வேறுபாட்டை ஒரு துண்டுக் காகிதத்திற் குறித்துக்கொள்கிறார். முற்பணம் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை, குடையையும் அந்தத் துண்டுக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு, நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் பஸ்ஸேறுகிறார்.