மோட்டார் பெட்டிக்கு லைப்ரரி தேர்ந்தெடுப்பது எப்படி?



செல்போனிலிருந்தே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் பெட்டிகள் வந்துவிட்டன. கடையில் வாங்குவோர் ஒரு பக்கம். பாலிடெக்னிக் படித்த நம்ம வீட்டுப் பிள்ளைகளே செய்து மாட்டுவது இன்னொரு பக்கம். பின்னதைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அந்தப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு இருக்கும். 2005-ல் இத்தாலி நாட்டு இவ்ரேயா ஊரில் மாணவர்களுக்காகத் தொடங்கிய ஆர்டுயினோ, அல்லது ஈ.எஸ்.பி.32 போன்ற ஒன்று. போர்டு தானாக எதையும் செய்யாது. நிரல் எழுத வேண்டும். எல்லாவற்றையும் அடியிலிருந்து எழுத முடியாதல்லவா? மற்றவர்கள் எழுதி வைத்த தொகுப்பை எடுத்துச் சேர்ப்பார்கள். அதற்குத்தான் லைப்ரரி என்று பெயர். திறந்த மூல லைப்ரரி என்றால் உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம், திருத்தலாம், காசும் கிடையாது.

காசு இல்லையென்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாமா? சான்று விதை மூட்டையில் நீல அட்டையைப் பார்க்கிறோம், காலாவதித் தேதியைப் பார்க்கிறோம். அதே பார்வை இங்கேயும் வேண்டும். கடைசியாக எப்போது திருத்தினார்கள்? பிழை என்று எழுதினவருக்குப் பதில் வந்திருக்கிறதா? நம்ம போர்டுக்கு ஒத்து வருமா? ஆர்டுயினோ ஊனோவில் நிரலுக்கு 32 கிலோபைட், ஓடும்போது பயன்படும் நினைவகம் வெறும் 2 கிலோபைட். பெரிய லைப்ரரியைத் திணித்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே மக்கர் பண்ணும்.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. வெள்ளிமலைப் பக்கம் போனால் சிக்னல் வரும், போகும். உங்களுக்கே தெரியும். சில லைப்ரரிகள் சிக்னல் கிடைக்கும்வரை வேறெதையும் கவனிக்காமல் அப்படியே காத்து நிற்கும். சிம் மூலம் பேசுவதற்குப் பலரும் எடுக்கிற டைனி ஜி.எஸ்.எம். நல்ல லைப்ரரிதான். ஆனால் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும் கட்டளைக்கு நாமாக நேரம் சொல்லாவிட்டால் 60 விநாடி நிற்கும். மறுபடி மறுபடி கேட்கும்படி எழுதிவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் கிணற்றில் தண்ணி இறங்கிப் போனாலும் போர்டு பார்க்காது. மோட்டார் வெறுமனே ஓடும், காயில் கருகும். காயில் கட்டக் கொடுக்கிற காசும், அதுவரை காய்கிற கரும்பும் நம்ம தலையில்தானே?

அதனால் காத்திருக்கும் நேரத்தை நாமே குறைக்க இடம் தரும் லைப்ரரியாகப் பாருங்கள். 5 விநாடி பார்த்துவிட்டு, கிடைக்காவிட்டால் தண்ணி மட்டத்தைப் பார்க்கத் திரும்பி வர வேண்டும். வாட்ச்டாக் என்ற காவல் கடிகாரத்தையும் போடச் சொல்லுங்கள். நிரல் எங்காவது சிக்கினால் அது போர்டை மறுபடி எழுப்பும். ஊனோவில் அதன் அதிகபட்சக் கெடு 8 விநாடி. ஆகவே 60 விநாடிக் காத்திருப்பும் அதுவும் ஒத்துப் போகாது. போர்டு எழும்போது மோட்டார் நின்ற நிலையிலேயே எழும்படி எழுதச் சொல்லுங்கள். இத்தனை செய்தாலும் ஸ்டார்ட்டரில் தனியாக டிரை ரன் பாதுகாப்பு கட்டாயம் இருக்கட்டும். இதில் நான் விட்டுக் கொடுக்க மாட்டேன்.

மண் ஈரம் பார்க்கிற சாதாரண மின்தேக்கு வகைக் கருவிக்கு லைப்ரரியே வேண்டாம். ஒரு வரிக் கட்டளை போதும். காய்ந்த மண்ணில் ஒரு அளவு, நீர் பாய்ச்சின மண்ணில் ஒரு அளவு எடுத்துக் குறித்து வைத்தால் சரி. தேவையில்லாததைச் சேர்ப்பானேன்?

ஓடுகிற பெட்டியில் லைப்ரரியின் பதிப்பு எண்ணை எழுதி ஒட்டி வையுங்கள். ஆர்டுயினோ ஜேசன் என்ற லைப்ரரியின் 5-ஆம் பதிப்புக்கு எழுதின நிரல் 6-ஆம் பதிப்பில் அப்படியே ஏறாது. புதுசு வந்தது என்று நீர் பாய்ச்சும் சமயத்தில் மாற்றிக்கொண்டு நிற்காதீர்கள்.

பிள்ளை பெட்டி செய்து விற்கப் போகிறானா, உரிமத்தையும் படிக்கச் சொல்லுங்கள். எம்.ஐ.டி. உரிமம் என்றால் எழுதினவரின் அறிவிப்பைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். ஜி.பி.எல். என்றால் வாங்குகிறவருக்கு மூல நிரலையும் கொடுத்தாக வேண்டும். சந்தேகம் வந்தால் விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கட்டற்ற மென்பொருளைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர்கள்.

பெட்டியை நம்புவதற்கு முன் ஒரு சோதனை. பக்கத்திலேயே நின்றுகொண்டு மோட்டாரை ஓடவிடுங்கள். சிம் கார்டைக் கழற்றுங்கள். பிறகு தண்ணி மட்டம் பார்க்கும் கம்பியைத் தண்ணிக்கு மேலே தூக்குங்கள். 10 விநாடிக்குள் மோட்டார் நிற்காவிட்டால் கையால் நிறுத்திவிட்டு, பெட்டியைக் கழற்றிப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுங்கள்.