சமனலவெவ: கசிவும் கழனியும்

கஹவத்தையில் பெய்யும் மழை மேற்கு நோக்கிச் செல்லும் இயல்புடையது. தேயிலைச் சரிவுகளிலும் இறப்பர்த் தோட்டங்களிலும் விழும் நீர் களு கங்கையிற் கலந்து, களுத்துறையிற் கடலை அடைகிறது. ஆனால், பலாங்கொடை வீதியாற் கிழக்கே சென்று மேட்டைக் கடந்தால் ஆறுகளின் போக்கே மாறிவிடும். அப்பால் விழும் நீர் வளவை கங்கைக்கு உரியது. அது தெற்கே ஓடி அம்பலாந்தோட்டைக்கு அருகிற் கடலோடு சேரும். ஒரே இரத்தினபுரி மாவட்டத்து மழைக்கு இரு வேறு கடற்கரைகள் வாய்த்திருக்கின்றன.

ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து இறங்கிவரும் பெலிஹுல் ஓயா வளவை கங்கையைச் சந்திக்கும் இடத்தை ஒட்டியே சமனலவெவ நீர்த்தேக்கம் அமைந்துள்ளது. ‘சமனல’ என்பது சிங்களத்தில் வண்ணத்துப் பூச்சியையும் சிவனொளிபாத மலையையும் ஒருங்கே நினைவூட்டும் சொல். ‘வெவ’ என்றால் குளம்.

குளம் புதியது, நிலமோ மிகப் பழைய தொழில் நிலம். மழையை மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு வரும் தென்மேற்குப் பருவக்காற்று, இப்பக்கத்தில் வறண்ட பெருங்காற்றாக வீசுகிறது. அக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கியவர்கள் இங்கு வாழ்ந்தனர். அணை எழுவதற்கு முன் இப்பகுதியை ஆராய்ந்த கில் ஜூலெஃப் என்னும் அம்மையார், மேற்கு நோக்கிய உலைக்களங்கள் பலவற்றை மலை விளிம்புகளிற் கண்டறிந்தார். அவை கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை. அத்தகைய உலை ஒன்றைக் கட்டி, வெறுங்காற்றினாலேயே உருக்கும் உண்டாகும் என்று அவர் செய்து காட்டினார். 1996இல் அம்முடிவுகள் வெளிவந்தன. சரந்தீவின் உருக்கைப் பற்றி அரபு அறிஞர் அல் கிந்தி 9ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். அவ்வுலைக்களங்களுட் சில இன்று நீருக்குள் கிடக்கின்றன.

ஜப்பான், பிரித்தானியா ஆகிய நாடுகளின் உதவியுடன் அணை கட்டப்பட்டது. களிமண் நெஞ்சும் கற்குவியல் உடலும் கொண்ட அதன் உயரம் சுமார் 110 மீற்றர். நீளம் சுமார் 530 மீற்றர். தேங்கிய நீர் ஐந்து கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுரங்கவழியாற் சென்று, மலையடிவாரத்தில் 120 மெகாவாற்று மின்சாரத்தை உண்டாக்குகிறது.

சங்கடம் வலக்கரையில் இருந்தது. அங்குள்ள பாறை சுண்ணாம்புத் தன்மை வாய்ந்தது. நீர் அதனைக் கரைத்துப் பொந்துகளாக்கியிருந்தது. சீமெந்துக் குழம்பைப் பாறைக்குட் செலுத்தித் திரை அமைத்தும் பயனில்லை. 1992 ஒக்டோபரில் நீர்மட்டம் உயர்ந்தபோது, அணைக்குக் கீழே சுமார் 300 மீற்றர் தொலைவில் கரை பிளந்து, சேறும் நீரும் பீறிட்டன. முதலில் விநாடிக்கு ஏறத்தாழ 7 கன மீற்றர் பாய்ந்தது, பின்னர் தணிந்தது. அணை அசையவில்லை. ஆயினும் தாழ்நிலத்து மக்கள் உறக்கம் இழந்ததிற் குற்றம் காண இயலாது. 1998இல், அடித்தளம் திறக்கும் படகுகளிலிருந்து சுமார் 5 இலட்சம் கன மீற்றர் மண்ணை நீர்த்தேக்கத்தின் அடியிற் கொட்டி அடைக்க முயன்றனர். கசிவு ஓரளவு குறைந்ததேயன்றி நிற்கவில்லை.

அணைக்குக் கீழே கல்தோட்டை என்னும் பழைய வயற்புறம் உண்டு. வளவையின் நீரை மறித்து வாய்க்காலிற் பாய்ச்சிப் பயிர் செய்தவர்கள் அவ்வூரார். சுரங்கவழியே செல்லும் நீரோ அவர்களுடைய வாய்க்காலின் தலைக்கு எட்டாமல், அதற்குக் கீழேதான் மீண்டும் ஆற்றிற் சேர்கிறது. அதாவது, மின்சாரத்துக்குப் போகும் ஒவ்வொரு துளியும் கல்தோட்டை வயலுக்கு இல்லாத துளியாகும். அணையிலிருந்து வயலுக்கென நீர் திறந்துவிடலாம். ஆனால் அது மின் உற்பத்திக்கு நட்டம். இந்த வழக்கின் நடுவே, எவரும் திட்டமிடாத அக்கசிவு புகுந்தது. பொறியியலாளருக்கு அது குறை. ஏரோட்டுபவனுக்கோ அது இரவு பகலாக அடைபடாத மடை. கசிவை முற்றாக அடைத்துவிட்டால், அந்த அளவு நீரை மதகு வழியே கணக்கிட்டுக் கொடுக்க வேண்டிவரும்; அப்போது எவ்வளவு, எந்நாளில் என்னும் வாதம் தொடங்கும்.

ஆகவே அந்நீர் இன்றும் ஓடுகிறது. அதன் அளவும் கண்காணிக்கப்பட்டு வருகிறது. பாறைப் பொந்துகளைக் கடந்து வெளிவரும் அது ஆற்றில் இறங்கிக் கல்தோட்டை வாய்க்காலிற் புகுகிறது. வயல்களுக்குப் போக எஞ்சியது, சுரங்கவழியால் வந்த தன் பங்காளியோடு கூடி உடவளவைத் தேக்கத்தை நோக்கிச் செல்கிறது.