பட்மனும் அப்பா சொன்ன தமிழும்



இளமையில் மனத்தைக் கவர்ந்த படைப்பொன்றைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். நான் எடுத்துக்கொண்டது நூல் அன்று; ஒரு கார்ட்டூன் படம். தமிழ் படிப்பிக்கும் ஒருவர் இலக்கிய நிகழ்ச்சிக்கு வந்து கார்ட்டூன் கதை பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். என்ன செய்வது? பதினொரு வயதில் என்னைக் கதை என்ற ஒன்றுக்குள் முழுதாக இழுத்து விழுத்தியது அதுதான். கம்பன் எனக்குப் பிறகுதான் வந்தான்.

அமெரிக்காவில் 1992 செப்டெம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய பட்மன் சித்திரத் தொடரையே சொல்கிறேன். 1995 வரை 85 அங்கங்கள் வந்தன. சிறு வயதில் தாய் தந்தையரைத் தெருவில் ஒரு கள்வனின் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த செல்வந்தன் புரூஸ் வெயின், வளர்ந்தபின் வௌவால் வேடம் பூண்டு, கோதம் என்னும் கற்பனை நகரத்தில் இரவிரவாகக் குற்றவாளிகளைத் தேடிப் பிடிக்கிறான். பறக்கும் வல்லமை அவனுக்கு இல்லை. உடற்பயிற்சியும் மூளையும் கொஞ்சம் பணமும்தான் அவன் பலம். கொஞ்சம் என்ன, நிறையவே பணம்.

1990 இல் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த குடும்பம் எங்களுடையது. வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் இரண்டு அறைகளில் இருந்தோம். 1993 இல் ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவரிடம் மாமா ஒரு வீடியோ கசற் கொடுத்துவிட்டிருந்தார். தம் வீட்டு ரி.வி.யிலிருந்து அவரே பதிவு செய்தது. இடையிடையே விளையாட்டுப் பொருள் விளம்பரங்களும் கிடந்தன. அவற்றையும் ஒன்று விடாமல் பார்த்தோம். வீட்டுக்காரர் சனிக்கிழமைகளில் தமது டெக்கையும் ரி.வி.யையும் எங்கள் பக்கம் தருவார். ஆனால் வட அமெரிக்க ஒளிபரப்பு முறை வேறு, எங்களூர் முறை வேறு. படம் வரும், நிறம் வராது. ஆகவே எங்கள் பட்மன் கறுப்பு வெள்ளைப் பட்மன். அது அப்படி வரைந்த படம் என்றே நானும் தங்கச்சியும் நினைத்திருந்தோம்.

இன்னொரு இடைஞ்சல், மொழி. அந்த வேகத்தில் ஓடும் அமெரிக்க ஆங்கிலம் எங்களுக்கு எட்டவில்லை. அப்பா அரசாங்க எழுதுவினைஞர். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர். சாய்மனைக் கதிரையில் இருந்தபடி ஒவ்வொரு காட்சிக்கும் தமிழ் சொல்லுவார். அம்மா பக்கத்து அறையில், திரைச்சீலைக்கு அப்பால் படுத்திருப்பா. அந்த வருடம் முழுவதும் அவ மகரகம ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இருந்தா. என்ன வருத்தம் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

2022 நவம்பரில், பட்மனுக்குக் குரல் கொடுத்த நடிகர் கெவின் கொன்றோய் காலமானார் என்ற செய்தியை வாசித்தேன். அந்தச் சனிக்கிழமைகள் எல்லாம் திரும்பி வந்தன. கொன்றோய் புரூஸ் வெயினுக்கு ஒரு குரல், முகமூடி அணிந்தபின் அதனிலும் தாழ்ந்த இன்னொரு குரல் என்று இரண்டு வைத்திருந்தார். பாஷை விளங்காத எனக்கும் அந்த வேறுபாடு விளங்கியிருந்தது. மச்சான் ஒருவனுக்குச் சொல்ல, தொடர் முழுவதையும் இறுவட்டில் அனுப்பிவைத்தான். பள்ளிக்கூட விடுமுறையில், பத்து வயது மகனையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு பார்க்கத் தொடங்கினேன்.

முதல் அதிர்ச்சி நிறம். கோதம் நகரத்து வானம் சிவப்பு! முப்பது வருடமாக என் மனத்தில் சாம்பலாகக் கிடந்த வானம் அது. தொடரை உருவாக்கிய இருவருள் ஒருவரான எரிக் ரடொம்ஸ்கி, பின்னணிக் காட்சிகளை வெள்ளைத் தாளில் வரையாமல் கறுப்புத் தாளிலே வரைவித்தார். இருட்டை வரையவேண்டியதில்லை, வெளிச்சத்தை மட்டும் வைத்தாற் போதும் என்ற முறை. மற்றவர் புரூஸ் ரிம். பாத்திரங்களைச் சில கோடுகளில் அடக்கியவர். தொடக்கக் காட்சியில் ஒரு சொல்லும் இல்லை. படத்தின் பெயர்கூட எழுத்தில் வராது. கூரை விளிம்பில் ஓர் உருவம், பின்னால் மின்னல், அவ்வளவுதான். எங்கள் திரைப்படக்காரர் கதாநாயகனுக்குப் போடும் பட்டங்களை நினைத்துச் சிரிப்பு வந்தது.

எல்லாம் நன்றாயிருந்தது என்று சொன்னால் அது பொய். ஜப்பானிலும் கொரியாவிலுமாகப் பல கலையகங்கள் பகிர்ந்து வரைந்த தொடர் ஆகையால், ஓர் அங்கத்தில் மிடுக்காக நிற்கும் பட்மன் இன்னோர் அங்கத்தில் மாப்பிசைந்து செய்தவன் போல் இருக்கிறான். மயங்கி விழுந்த பட்மனைச் சிறுவர்கள் தங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றும் கதையொன்று உண்டு. பதினொரு வயதில் எனக்கு அதுதான் உயிர். எங்கள் அனெக்ஸில் நிலக்கீழ் அறை இல்லையே என்று கவலைப்பட்டிருக்கிறேன். இப்போது பார்த்தால் தொடரில் அதைவிடச் சோர்வான கதை வேறில்லை. மகனிடம் சொல்லவில்லை, அவன் அதை இரண்டு தரம் பார்த்தான்.

சிறுவயதில் விளங்காமலே கடந்துபோன கதையொன்று இப்போது பிடித்துக்கொண்டது. சைமன் ட்ரென்ற் என்பவர் முன்னொரு காலத்தில் 'கிறே கோஸ்ற்' என்ற முகமூடி வீரனாக நடித்துப் புகழ்பெற்றவர். அந்த வேடத்துக்குப் பிறகு அவருக்கு வேறு வேடமே கிடைக்கவில்லை. வாடகை கொடுக்க வழியின்றிப் பழைய சாமான்களை விற்கிறார். புரூஸ் வெயின் சிறுவனாக, தகப்பனோடு இருந்து பார்த்த தொடர் அது. நகரத்தில் குண்டுகள் வெடிக்கின்றன. அத்தொடரின் பழைய கதையொன்றில் வந்தபடியே வெடிக்கின்றன. உதவி கேட்டுப் பட்மன் அந்தக் கிழ நடிகரிடம் போகிறான். தன் குகையைக் காட்டுகிறான். அது கிறே கோஸ்ற்றின் இருப்பிடத்தைப் பார்த்து அமைக்கப்பட்டது! அந்த நடிகருக்குக் குரல் கொடுத்தவர் அடம் வெஸ்ற். 1966 முதல் 1968 வரை தொலைக்காட்சியில் பட்மனாக நடித்து, பின் அந்த வேடத்திலிருந்து மீளமுடியாமல் இருந்தவர் அவரே. 2017 இல் மறைந்தார். தமக்கு முன் வந்தவருக்கு ஒரு தொழிலில் இருப்போர் இதைவிட நாகரிகமாக வணக்கம் செலுத்தியதை நான் கண்டதில்லை.

இனி, நான் சொல்ல வந்த கதை. போல் டினி எழுதி, ரிம் நெறிப்படுத்தி, தொடரின் முதல் வாரத்திலேயே ஒளிபரப்பான அங்கம் அது. விக்டர் பிரீஸ் என்றொரு விஞ்ஞானி. பழைய பட்மன் கதைகளில் பனித்துப்பாக்கி தூக்கித் திரியும் வெறும் கோமாளியாக இருந்தவனுக்கு டினி ஒரு மனைவியைக் கொடுத்தார். நோரா. மாறாத நோய். மருந்து கண்டுபிடிக்கும்வரை அவளை உறைநிலையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறான் கணவன். செலவு கூடிவிட்டதென்று கம்பனி முதலாளி இயந்திரத்தை நிறுத்துவிக்கிறான். தடுக்கப்போன பிரீஸ் இரசாயனங்களுக்குள் தள்ளப்பட்டு, குளிருக்குள் மட்டுமே உயிர்வாழக்கூடிய உடம்போடு எழும்புகிறான். பழிவாங்கப் புறப்படுகிறான்.

எனக்கு ஞாபகமிருந்தது முடிவுச் சண்டை. தடிமன் பிடித்த பட்மன், வேலைக்காரர் கொடுத்தனுப்பிய சூடான கோழிச் சூப்பால் பிரீஸின் தலைக்கவசத்தை உடைக்கிறான். நானும் தங்கச்சியும் உருண்டு சிரித்திருக்கிறோம். இப்போது என்னை நிறுத்திவைத்தது வேறு. நடந்ததெல்லாம் பதிவான ஒளிநாடாவைப் பட்மன் களவாகப் போட்டுப் பார்க்கிறான். பார்த்து, திகைத்து நிற்கிறான். தாய் தந்தையை இழந்தவன் மனைவியை இழந்தவனைப் பார்க்கிறான். சண்டை முடிந்ததும் பிரீஸைப் பிடித்தும் கொடுக்கிறான், முதலாளியின் குற்றத்தை ஊரறியச் செய்து அந்த ஒளிநாடாவைத் தொலைக்காட்சிச் செய்தியாளப் பெண்ணிடமும் கொடுக்கிறான். சிறையில் பிரீஸ் ஒரு கண்ணாடிக் குமிழைக் கையில் வைத்திருக்கிறான். உள்ளே பனித்தூளின் நடுவே ஆடும் பெண் பொம்மை. இறந்துபோனவளிடம் மன்னிப்புக் கேட்கிறான். கும்பகருணன் விழும் படலத்தைப் படிப்பிக்கும்போது, எதிர்ப் பக்கத்தில் நிற்பவனுக்காக மாணவர் முகங்கள் வாடுவதைக் கண்டிருக்கிறேன். அன்று என் முகம் எப்படியிருந்தது என்பதை மகன்தான் அறிவான்.

ஏனென்றால், நேயர்களே, அப்பா எங்களுக்குச் சொன்ன கதை இதுவல்ல. "அந்த மனிசி சாகேல்லைப் பிள்ளையள். பெட்டிக்குள்ளை நித்திரை. மருந்து வந்தவுடனை எழுப்புவினம். அதைத்தான் அவர் அந்தப் பொம்மைக்குச் சொல்லுறார்" என்று சொன்னார். வழமையிலும் பார்க்கச் சத்தமாகச் சொன்னார். திரைச்சீலைக்கு அப்பாலும் கேட்டிருக்கும்.

அம்மா 1994 மார்ச்சில் போய்விட்டா.

இன்னுமொன்று. அதே ஆண்டு நவம்பரில் பிரீஸ் மறுபடி வந்த அங்கத்தில், நோரா சாகவில்லை, உறைநிலையில் உயிரோடுதான் இருக்கிறாள் என்று கதையை மாற்றினார்கள். 1998 இல் வீடியோவாக வெளிவந்த முழுநீளச் சித்திரப் படத்தில் சத்திரசிகிச்சை செய்து அவளை எழுப்பியும் விட்டார்கள். பனிப் பிரதேசத்தில் ஒரு யன்னலுக்கு வெளியே நின்று, அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து பிரீஸ் கண்ணீர் விடுகிறான்.

அப்பா இப்போது என்னோடு இருக்கிறார். மறுநாட் காலை தேத்தண்ணி கொடுக்கும்போது கேட்டேன். முதலில் பிடிபடவில்லை.

"அப்பிடியே சொன்னனான்?" என்றார்.

"ஓம் அப்பா. நித்திரை எண்டு சொன்னனீங்கள்."

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"பிறகு அந்தப் பிள்ளை எழும்பினதோ?"

"எழும்பினவ. தொண்ணூற்றெட்டிலை வந்த படத்திலை."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்து விரித்தார்.