கருவிகள் உரையாடும் முறை

மட்டக்களப்பை மீன் பாடும் தேனாடு என்று போற்றுவது மரபு. நிலாக்காலத்து இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவியில் ஆழ்த்தி, மறுமுனையைச் செவியோடு சேர்த்தால், நீருக்கடியிலிருந்து மெல்லிய இசை கேட்கும் என்பர். 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ற் அதனைக் கேட்டு, ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் நாதத்துக்கு ஒப்பிட்டார். அக்கால மீனவரோ அதனை ஊரியின் ஓசை என்றனர். பாடுவது மீனா, ஊரியா என்னும் வழக்கு நெடுங்காலத்தது.

வழக்கைத் தீர்க்க விரும்புவோர், முதலில் கேட்கும் செவியையே சோதித்தல் வேண்டும். நீரடி ஒலிவாங்கியை வாவியில் இறக்கினால் ஏதோ ஓர் ஒலி வரும். அது வாவியின் ஒலியா, கருவியின் பழுதா? அறிந்த ஒலி ஒன்றை அதற்குக் கொடுத்துப் பார்த்தாலன்றி இது விளங்காது. அதற்கு உதவுவது சமிக்ஞைப் பிறப்பாக்கி. செக்கனுக்கு இத்தனை அதிர்வு என்று பணித்தால், அவ்வாறே மின்னலையைத் தரும். நீரடி ஒலிபெருக்கி அதனை ஒலியாக்கும்; ஒலிவாங்கி கேட்கும்; வோல்ற்றுமானி அளவைக் காட்டும்.

100 அதிர்விலிருந்து 2000 வரை பத்துப் பத்தாக உயர்த்தினால் 191 அளவுகள் எடுக்க வேண்டும். கையால் திருகிக் கண்ணாற் பார்த்து எழுதுவோருக்குக் கை சலிக்கும், கண் பிசகும். மீண்டும் தொடங்குவதற்குள் நீரோட்டமும் மாறிவிடும். ஆகவே அப்பணியைக் கணினியிடம் ஒப்படைப்பதே முறை.

இதற்கான கருவி இணைப்புப் பாட்டையை, அமெரிக்காவின் ஹியூலெட்-பக்கார்ட் நிறுவனத்தார் 1960களின் பிற்பகுதியில் வகுத்தனர். 1975இல் அது ஐ.ஈ.ஈ.ஈ. 488 என்னும் பொது நியமமாயிற்று. 16 சமிக்ஞைக் கம்பிகளில் எட்டுச் செய்தியைச் சுமக்கும். ஐந்து ஒழுங்கைப் பேணும். மூன்று கொடுக்கல் வாங்கலைக் கவனிக்கும். ஒரு பாட்டையில் 15 கருவிகள் வரை இணையலாம். தொலைவிலிருந்து ஆளுதல் என்றதும் வாவியின் அக்கரையிலிருந்து என்று எண்ணலாகாது. கம்பியின் மொத்த நீளம் 20 மீற்றரைத் தாண்டக் கூடாது.

இக்கருவிகளுக்கு மூன்று பதவிகள் உண்டு: ஆள்வோன், பேசுவோன், கேட்போன். ஒரு வேளையில் ஒருவனே பேசலாம், கேட்போர் பலராகலாம். பேசுவோன் ஓர் எழுத்தைச் சொல்லுமுன், கேட்போர் அனைவரும் ஆயத்தமா என்று பார்க்கிறான். சொன்னபின், அனைவரும் வாங்கினரா என்று பார்க்கிறான். நால்வர் அழுத்திப் பிடித்த கயிறு, கடைசி ஆளும் கையை எடுத்தாலன்றி மேலெழாது. அதுபோல, மிக மெதுவான கருவியும் ஆயத்தமாகும்வரை அடுத்த எழுத்து புறப்படாது. வானொலி இதற்கு நேர்மாறானது. நேயர் வந்தமர்ந்தாரா என்று அது காத்திருப்பதில்லை.

எனினும், கேட்டல் வேறு, செய்து முடித்தல் வேறு. 300 அதிர்வுக்கு மாறு என்ற கட்டளையைப் பிறப்பாக்கி முழுதும் வாங்கியிருக்கலாம்; ஆனால் அதன் அலை இன்னும் நிலைபெறாதிருக்கலாம். அக்கணத்தில் வோல்ற்றுமானியைப் படித்தால், முந்திய ஒலியின் அளவு பிந்திய ஒலியின் பெயரில் பதிவாகிவிடும். பட்டியல் ஒழுங்காகத் தோன்றும்; உள்ளே பொய் இருக்கும். இதற்காகவே 1987இல் வந்த துணை நியமம், பணி முடிந்ததா என்று கேட்கும் ஒரு வினாவை வகுத்தது. முடிந்தபின்னரே கருவி ஒன்று என்னும் எண்ணை விடையாகத் தரும். அதன்பின்னும் நீரில் ஒலி நிலைபெறச் சிறிது பொறுத்தல் நன்று.

வகுப்பறையில் தலையசைத்த மாணவன் பாடத்தை விளங்கிக்கொண்டான் என்று முடிவு செய்யாத ஆசிரியருக்கு இந்த ஒழுங்கு புதிதன்று. இவ்வாறு சோதித்தறிந்த செவியை வாவியில் இறக்கிய பின், நிலாக்கால இரவொன்றில் அந்நாதம் எழுமாயின், கேட்டோம் என்று துணிந்து கூறலாம். பாடுவது மீனா, ஊரியா என்னும் ஆராய்ச்சி அங்கிருந்தே தொடங்கும்.