அப்பிள் மரத்துக்கு மார்ச்சில் கவ்வாத்து



ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிராம்ப்டனிலும் பழைய வீடு வாங்கிய எங்கள் ஆட்களில் கனபேருக்கு வீட்டோடு சேர்த்து ஓர் அப்பிள் மரமும் கிடைத்திருக்கும். பின்வளவு மூலையில், வேலியோரமாக நிற்கும். நட்டவர் யார், என்ன இனம், ஒன்றும் தெரியாது. மே மாதம் வெள்ளையாய்ப் பூத்துக் கொட்டும். செப்டெம்பரில் சின்னச் சின்னக் காயாய், கரும்பொருக்குப் பிடித்து, பாதி புழுத்துப் புல்லில் விழும். குளவி மொய்க்கும். "இது காட்டு அப்பிள் போல" என்று சொல்லி, பொறுக்கிக் குப்பையில் போடுவதோடு எங்கள் உறவு முடிந்துவிடும். பெரும்பாலும் அது காட்டு அப்பிள் இல்லை. பல வருடமாக யாரும் கைவைக்காமல் விட்ட நல்ல அப்பிள்.

அந்த மரத்தை இந்த மார்ச் மாதமே வெட்டச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அடியோடு தறிக்க இல்லை. கவ்வாத்துப் பண்ண.

பச்சை மரத்தில் கத்தி வைக்க எங்களுக்கு மனம் வராது. ஊர் வளவில் நின்ற மாவும் பலாவும் யாரும் வருடாவருடம் வெட்டிக் காய்த்தவை அல்ல. ஆனால் யாழ்ப்பாணத்தில் முந்திரிகைப் பந்தல் போட்ட வீட்டில் வளர்ந்தவரைக் கேளுங்கள். கொடியை வெட்டி மொட்டையாக விட்ட பிறகுதான் புதுத் தளிரும் அதோடு குலையும் வரும் என்பார். மலையகத்தில் பிறந்தவருக்குக் கவ்வாத்து என்றால் என்னவென்று விளக்கவே தேவையில்லை. அப்பிளும் கத்தி கேட்கிற மரம்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முந்திரிகை அந்த வருடத்துப் புதுத் தளிரில் காய்க்கும். அப்பிள் இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன கொப்பில்தான் பெரும்பாலும் காய்க்கும். முந்திரிகையை வெட்டிய கையோடு அப்பிளையும் ஒட்ட வெட்டினால், காய்க்கிற கொப்பெல்லாம் குப்பைக்குப் போய்விடும்.

அதனால் வாளை எடுக்குமுன், வெயில் எறிக்கிற ஒரு நாளாகப் பார்த்து மரத்துக்குக் கிட்டப் போங்கள். இலை இல்லாத காலம், எல்லாம் வெளிச்சமாய்த் தெரியும். கைக்கெட்டும் ஒரு கொப்பைப் பிடித்துப் பாருங்கள். அதன் பக்கங்களில் விரல் நீளம்கூட வராத குட்டைக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். தோல் சுருங்கி, வளையம் வளையமாய் இருக்கும். நுனியில் ஒரு மொட்டு, கொழுத்து, சாம்பல் நிறப் பூனைமயிரோடு. அதுதான் பூமொட்டு. அந்தக் குட்டைக் குச்சியை இங்குள்ள தோட்டக்காரர் ஸ்பர் என்பார்கள். வருடத்துக்கு ஒரு நகத்தளவுகூட வளராமல், பல வருடம் அதே இடத்தில் நின்று காய்க்கும். இனி அதே கொப்பின் நுனிப் பக்கம் பாருங்கள். நீளமான புதுக் குச்சியில் மொட்டுகள் மெலிந்து, கூராக, பட்டையோடு ஒட்டிப் படுத்திருக்கும். அவை இலைமொட்டுகள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் பாதிக் கவ்வாத்துப் படித்துவிட்டார்.

இன்றைக்கு நீங்கள் பார்க்கும் பூமொட்டு இன்று நேற்று வந்ததல்ல. போன வருடம் ஜூன், ஜூலை மாதங்களிலேயே உருவாகிவிட்டது. அப்போது பக்கத்து இலைகளில் வெயில் பட்டிருந்தால்தான் மொட்டு பூமொட்டாக மாறும். நிழலுக்குள் இருந்த மொட்டு இலையாகவே விரியும். வெட்டாத மரத்தில் உச்சியில் மட்டும் காய்த்து உள்ளே வெறுமையாகக் கிடப்பது இதனால்தான். கவ்வாத்து முழுவதும் வெயிலை உள்ளே விடுகிற வேலை. அழகுக்காகவோ மரத்தைச் சின்னதாக்கவோ செய்வதில்லை.

எப்போது வெட்டுவது? எங்கள் ரொறொன்ரோப் பக்கத்துக்கு மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. கடுங்குளிர் கழிந்திருக்க வேண்டும், மொட்டு வீங்கியிருக்கக் கூடாது. இலை உதிர்ந்த கையோடு ஒக்டோபர், நவம்பரில் வெட்டுவது வசதி என்று நினைப்பவர்கள் உண்டு. அப்போது பட்ட காயம் ஆறாமலே ஜனவரிக் குளிருக்குள் போகும், வெட்டிய இடத்தைச் சுற்றிப் பட்டை செத்துவிடும்.

முதலில் செத்த கொப்பு, முறிந்த கொப்பு, நோய் பிடித்த கொப்பு. இவற்றுக்கு யோசனை தேவையில்லை. பிறகு அடிமரத்தில் மண்ணோடு ஒட்டி முளைக்கும் குருத்துகள். அவை ஒட்டுக்குக் கீழே வேர்ப்பக்கத்திலிருந்து வருபவை, வளர்ந்தாலும் உங்கள் பழம் அதில் காய்க்காது. பிறகு பெருங்கொப்புகளின் முதுகில் நெட்டுக்குத்தாய் மேலே போகும் வாளிப்பான குச்சிகள். பிறகு ஒன்றோடொன்று உரசும் கொப்புகளில் ஒன்று, உள்நோக்கி வளர்வது, மற்றதன் தலைக்கு மேலே குடை பிடிப்பது. இவ்வளவும் வெட்டியதும் வாளைக் கீழே வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.

அத்தோடு நிறுத்தவும் தெரிய வேண்டும். ஒரு வருடத்தில் மரத்தின் கால்வாசிக்கு மேல் எடுக்கக் கூடாது. முழு மரத்துக்கும் வேண்டிய உணவை வேரும் அடிமரமும் சேர்த்து வைத்திருக்கின்றன. பாதி மரத்தை வெட்டினால், அந்தப் பலம் முழுக்க மிஞ்சிய பாதிக்குள் ஏறி, கோடையில் நூறு நெட்டைக் குச்சிகளாய்ச் சீறிக்கொண்டு வரும். நிழல் முன்னதைவிடக் கூடும், காய் குறையும். "வெட்டினேன், காய்க்கவில்லை" என்று சொல்பவர்களில் பலர் ஒரேயடியாக வெட்டியவர்கள். பல காலம் விட்ட மரத்தை மூன்று வருடத்தில் ஒழுங்குக்குக் கொண்டுவருவதுதான் முறை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், மனவருத்தத்தோடுதான் சொல்கிறேன். புல்லு வெட்ட வருபவர்கள் சிலர், வேலிச்செடி சீவும் மெஷினாலேயே அப்பிள் மரத்தையும் உருண்டையாகச் சீவிவிட்டுப் போகிறார்கள். கொப்பின் நுனி மொட்டு, தனக்குக் கீழே உள்ள மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். அதற்கான சுரப்பு நுனியிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. நுனியை வெட்டினால் கீழுள்ள மொட்டெல்லாம் ஒரே நேரத்தில் விழிக்கும். ஒரு கொப்பு இருந்த இடத்தில் நாலைந்து குச்சி. மரம் முழுக்க அப்படிச் சீவினால் உள்ளே காற்றும் போகாது, வெயிலும் போகாது. கொப்பை எடுப்பதென்றால் அது பிறக்கும் இடத்திலேயே எடுங்கள். உயரம் குறைப்பதென்றால், பக்கக் கொப்பு ஒன்று பிரியும் இடம்வரை வந்து வெட்டுங்கள்.

அந்தப் பிறக்கும் இடத்தையும் உற்றுப் பாருங்கள். கொப்பு அடிமரத்தில் சேருமிடத்தில் பட்டை சற்றுப் புடைத்து மோதிரம் போட்டதுபோல் இருக்கும். காயத்தை மூடும் புதுத் தோல் அங்கிருந்துதான் வளரும். அந்தப் புடைப்பை விட்டு, அதற்கு வெளியே ஒட்டி வெட்ட வேண்டும். சமமாகச் சீவினாலும் கெடும், ஒரு சாண் கட்டையாக விட்டாலும் உக்கி உள்ளே இறங்கும். பாரமான கொப்பென்றால் ஒரு முழம் தள்ளிக் கீழ்ப்பக்கமிருந்து கால்வாசி அறுத்து, பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்து இறக்கி, மிஞ்சிய கட்டையைக் கடைசியில் எடுங்கள். இல்லையென்றால் கொப்பு தொங்கி அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். வெட்டிய காயத்துக்குப் பெயின்ற் பூச வேண்டாம், மரம் தானே மூடிக்கொள்ளும். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஈரப்புல்லில் ஏணி வைத்து வாளோடு ஏறாதீர்கள். எதை வெட்டுவதென்று நீங்கள் கீழே நின்று சொல்லுங்கள், பிள்ளைகள் வெட்டட்டும்.

புதிதாக நடப்போகிறவர்கள் கன்று வாங்கும்போது எந்த வேரில் ஒட்டியது என்று கேளுங்கள். மரத்தின் உயரத்தை வேர்தான் தீர்மானிக்கும். எம் 9 என்ற வேர் மரத்தைப் பத்தடிக்குள் நிறுத்தும், ஆனால் ஆயுள் முழுக்க ஊன்றுகோல் வேண்டும். எம்.எம். 106 கொஞ்சம் பெரிய மரம் தரும். ஒட்டு மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுங்கள். மண்ணுக்குள் போனால் மேல்பாகமே வேர்விட்டுப் பெருமரமாகிவிடும். தன் பூந்தூள் தனக்கு உதவாது. வேறு இனம் ஒன்று பக்கத்தில் பூக்க வேண்டும், தெருவில் அழகுக்கு நட்டிருக்கும் கிராப் அப்பிளும் போதும். குளிர்காலத்தில் முயல் பட்டையைச் சுற்றிக் கறித்தால் மரம் செத்துவிடும். அதனால் அடிமரத்துக்கு ஒரு காப்பு மாட்டுங்கள்.

மார்ச்சில் வெட்டியதோடு வேலை முடியாது. ஜூனில் இன்னொரு வேலை இருக்கிறது, அதற்கும் மனத்தைக் கல்லாக்க வேண்டும். ஒரு கொத்தில் ஐந்தாறு காய் பிடிக்கும். கொஞ்சம் தானாகவே கொட்டும். மிஞ்சியதில் கொத்துக்கு ஒன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். காய்க்குக் காய் ஒரு சாண் இடைவெளி. பழம் பெருக்கும் என்பது மட்டும் காரணமில்லை. காய்க்குள் இருக்கும் விதையிலிருந்து ஒரு சுரப்பு வெளியேறி, பக்கத்தில் அடுத்த வருடப் பூமொட்டு உருவாகாமல் தடுக்கிறது. ஒரு வருடம் கொப்பு முறியக் காய்த்த மரம் மறுவருடம் சும்மா நிற்பது இதனால்தான். அதனால் காய் கிள்ளும் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

வீட்டுத் தோட்டத்தில் நினைத்த மருந்தை வாங்கி அடிக்கவும் முடியாது. ஒன்ராறியோ 2009இலேயே பல மருந்துகளை விலக்கிவிட்டது, நல்லதுதான். பழத்தில் வரும் கரும்பொருக்கு ஒரு பூஞ்சணம், விழுந்த இலையில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. இலையுதிர்காலத்தில் இலையைக் கூட்டிக் கடதாசிப் பையில் போட்டு அனுப்புங்கள். புழுத்து விழும் பழத்தையும் அன்றன்றே பொறுக்குங்கள். புதுக் கன்றென்றால் பொருக்குப் பிடிக்காத லிபர்ட்டி போன்ற இனம் இருக்கிறது. மக்கின்ரோஷுக்கு அந்த நோய் மிக எளிதில் வரும்.

அந்த மக்கின்ரோஷ் இந்த மாகாணத்து மரம். 1811இல் டண்டெலா என்ற இடத்தில் ஜோன் மக்கின்ரோஷ் என்ற குடியானவர் காடு வெட்டும்போது கண்டெடுத்த கன்றுகளில் ஒன்று அது. விதை போட்டால் அதே பழம் வராது என்பதால் அவர் மகன் ஒட்டி ஒட்டிப் பெருக்கினார். இன்று கடையில் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு மக்கின்ரோஷும் அந்த ஒரு மரத்தின் கொப்பில் காய்த்ததுதான்.

உங்கள் பின்வளவு மரமும் உக்கிப்போய், ஆனால் பழம் மட்டும் ருசியாக இருந்தால், இனத்தைக் காப்பாற்ற இதே வழி இருக்கிறது. இந்த மார்ச்சில் வெட்டும்போது, போன வருடம் வளர்ந்த பென்சில் பருமன் குச்சிகள் சிலவற்றை எடுத்து, ஈரக் கடதாசியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஏப்ரல் கடைசியில், மே தொடக்கத்தில் புதுக் கன்றில் ஒட்டலாம். அதுவரை அந்தப் பெட்டிக்குள் அப்பிள் பழம் எதையும் வைக்காதீர்கள். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு குச்சியிலுள்ள மொட்டைச் சாகடித்துவிடும்.