உடம்பின் சண்டை உடம்போடு

ரத்தத்தில் கிருமி பரவினால் ஆளைச் சாய்ப்பது கிருமி மட்டும் அல்ல. அதை விரட்டக் கிளம்பும் நம் எதிர்ப்புச் சக்தியும்தான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை! ரத்தக்குழாய்கள் தளர்ந்து கசிகின்றன, ரத்த அழுத்தம் சரிகிறது, சிறுநீரகம், நுரையீரல் எல்லாம் தடுமாறுகின்றன. இதுதான் செப்டிக் ஷாக்.

சரி, அந்தச் சக்தியை அடக்கினால் போதாதா? 1990களில் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை. ரத்த உறைவையும் அழற்சியையும் தணிக்கும் 'ஜைக்ரிஸ்' மருந்து, முதல் ஆய்வில் இறப்பைச் சுமார் 31 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைத்தது. 2001-இல் அமெரிக்கா அனுமதித்தது. மறுபடி சோதித்தால், கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! 2011-இல் தயாரித்த நிறுவனமே திரும்பப் பெற்றது.

சிக்கல் என்னவென்றால், எதிர்ப்புச் சக்தி ஒருவரிடம் பொங்குகிறது, இன்னொருவரிடம் சோர்ந்துவிடுகிறது. எல்லோருக்கும் ஒரே மருந்து எப்படிப் பொருந்தும்?

இன்றும் உயிர் காப்பது சீக்கிரம் தொடங்கும் சிகிச்சைதான். காய்ச்சலோடு மனக்குழப்பம், மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல் தெரிந்தால் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.